மாவறையில் ஒரு துண்டுக் கம்பி

2024ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் நல்ல வெயில். ஆயினும் மேற்கே முக்கொம்புப் பக்கம் கருமேகம் திரண்டு நின்றது. நான்கு நாள்களாக மாலைதோறும் கோடை மழை பெய்துகொண்டிருந்ததால் தெருமண் காயவே இல்லை. எங்கள் தெரு மாரியம்மனுக்கு அன்று தேர்.

பெரிய கோயில் தேரைப் பார்த்த கண்ணுக்கு அது தேராகவே தோன்றாது. கலசத்தோடு சேர்த்து இருபதடி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து மேலூர் செல்லும் வழியில் கிளை பிரியும் எங்கள் சின்னத் தெருவுக்கு அந்த இருபதடியே அதிகம். மின்கம்பங்கள் தெருவின் வடபுறத்தில் மட்டுமே நிற்கின்றன. தென்புற வீடுகளுக்கான ஒயர்கள் தெருவைக் குறுக்கே கடந்து செல்கின்றன. ஆகவே ஆண்டுதோறும் தேரன்று காலையில் மின்சாரம் நிறுத்தப்பட்டதும், விழாக்குழுவினர் அமர்த்தும் ஒயர்மேன் ராமர் கம்பம் கம்பமாக ஏறி அந்த ஒயர்களைக் கழற்றிவிடுவார். கழற்றிய ஒயர் சுருளாகச் சுற்றப்பட்டு அந்தந்த வீட்டு வாசற்சுவரில் தொங்கும். தேர் ஊர்வலம் முடிந்து நிலைக்குத் திரும்பியதும் அவரே மறுபடியும் மாட்டுவார்.

தென்புறத்தில் ஏழாவது வீடு ஆனந்தவள்ளியுடையது. தேர் வடம் பிடிக்கும்வரை நின்று கும்பிட்டுவிட்டு, எட்டரை மணிக்கு அவர் துவாக்குடிக்குப் புறப்பட்டார். தோள்பையில் ஒரு டெஸ்டர், ஒரு ஸ்குரூ டிரைவர், கோடு போட்ட நோட்டு ஒன்று. வீட்டு மின்வேலையை ஆபத்தின்றிச் செய்யக் கற்றுக்கொள்வதற்காக அவர் அவ்வாறு சென்றது அது ஆறாவது ஞாயிறு.

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மின்சாரத்துக்கு அவரைப்போல் அஞ்சிய ஒருவரை நான் பார்த்ததில்லை. சுவிட்சை விரலால் தொடமாட்டார். மர அகப்பையின் காம்பால் தட்டுவார். இடி இடித்தால் வீட்டிலுள்ள எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிடுவார். அவருடைய கணவர் ஜெயக்குமார், காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி ஒன்றில் வேலை செய்பவர், இதைச் சொல்லிச் சிரிப்பார். “எங்க வீட்ல கரண்ட் பில்லைக் கூட கட்டையால தள்ளித்தான் சார் வாங்குவா” என்பார். ஆனந்தவள்ளி சிரிக்கமாட்டார்.

காரணம் மருங்காபுரியில் இருக்கிறது. அவருடைய பிறந்த வீடு அங்கேதான். வானம் பார்த்த காடு, ஒரே ஒரு கிணறு, அந்தக் கிணற்றுக்கு ஒரு மோட்டார். அவருக்குப் பத்தொன்பது வயதானபோது, ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, மோட்டார் முரண்டு பிடித்தது. அண்ணன் சின்னையன் கொட்டகைக்குள் போனார். தங்கை வாசலிலேயே நின்றாள். “ஆஃப் பண்ணிட்டேன், பயப்படாத” என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டார்ட்டர் பெட்டியின்மேல் கையை வைத்தார். ஈரத்தரை, வெறுங்கால். அதற்குப் பிறகு அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஊரார் நேரம் என்றார்கள், விதி என்றார்கள். ஆனந்தவள்ளியின் மனத்தில் ஒரு கேள்வி மட்டும் நின்றுவிட்டது. அண்ணன் சுவிட்சை அணைத்தது உண்மை. அணைத்த ஓசையை அவரே கேட்டார். அணைத்த பிறகும் அந்தப் பெட்டி ஏன் கொன்றது? யாரும் விடை சொல்லவில்லை. விடை தெரியாத அச்சத்துக்கு எல்லை கிடையாது. எந்தப் பெட்டியையும் எந்தச் சுவிட்சையும் அது விட்டுவைக்கவில்லை.

அப்படிப்பட்டவர் பின்னாளில் மாவு அரைத்து விற்கும் தொழிலுக்கு வந்தார். நோய்த்தொற்றுக் காலத்தில் மண்டி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, பத்து லிட்டர் கிரைண்டர் ஒன்றை வாங்கிப் பின்கட்டு அறையில் வைத்தார்கள். இட்லிமாவு எங்கள் தெருவுக்கும் அடுத்த இரண்டு தெருக்களுக்கும் போகத் தொடங்கியது. உதவிக்குப் பவுனம்மாள் வந்தார். அறுபதை நெருங்கிய, தனித்து வாழும் பெண்மணி, வாய் ஓயாதவர். அரைப்பது, வழிப்பது, கழுவுவது எல்லாம் அவர் கை. ஆனந்தவள்ளியை “வள்ளி” என்றே கூப்பிடுவார்.

அந்த அறையை அவர்கள் மாவறை என்பார்கள். மாவறைக்குள் செருப்பு நுழையக்கூடாது. சாப்பிடுகிற பொருள் இருக்கிறது, சுவரில் சமயபுரத்தாள் படம் இருக்கிறது. தரையோ எந்நேரமும் ஈரம்.

முந்திய ஆண்டு கார்த்திகையில் ஒருநாள், கிரைண்டரை வழித்துக்கொண்டிருந்த பவுனம்மாள் கையை உதறினார்.

“வள்ளி, இது சுருசுருங்குது.”

“என்னக்கா சுருசுருங்குது?”

“எறும்பு கடிக்கிற மாதிரி. தொட்டுப் பாரேன்.”

ஆனந்தவள்ளி தொட்டுப் பார்க்கவில்லை. அகப்பைக் காம்பால் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டார். 

எலக்ட்ரீசியன் ஒருவர் வந்தார். வீட்டுக்கு எர்த் இல்லை, முன்வாசலுக்கு டைல்ஸ் போட்டபோது எர்த் குழாயை அறுத்துவிட்டிருக்கிறார்கள், புதிதாகக் குழி எடுக்க வேண்டும் என்றார். எர்த் என்பது, இயந்திரத்தின் உடம்புக்குத் தப்பி வரும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் வழி. அது இல்லாத வீட்டில் அந்த மின்சாரம் தொடுகிற ஆளின் வழியாக இறங்கும். குழி எடுக்க அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு, “அதுவரைக்கும் செருப்பு போட்டுக்கிட்டு அரைங்க” என்றார். பவுனம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன் தம்பி, உங்க வீட்ல சாமிக்குப் பொங்கல் வைக்கிறப்பவும் செருப்போடதான் நிப்பீங்களா?” என்று கேட்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

கிரைண்டர் நாள்தோறும் சுருசுருத்தது. ஒருநாள் பவுனம்மாள் சொன்னார்: “நான் ஒண்டிக்கட்டை. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா தூக்கிப் போடக்கூட ஆளில்ல. இதைச் சரி பண்ணினாச் சொல்லு, வரேன்.”

இந்த இடத்தில்தான் ஆனந்தவள்ளி தம் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு காரியம் செய்தார். எதிர்வீட்டில் இதே தொல்லை வந்தபோது எவனோ ஒருவன் இரண்டே நிமிடத்தில் சரிசெய்ததை அவர் அந்த வீட்டு ஜன்னலோரம் நின்று பார்த்திருந்தார். மூன்று ஓட்டை உள்ள சாக்கெட்டில் மேலே பெரியதாக இருப்பது எர்த். கீழே இரண்டில் ஒன்று பேஸ், மின்சாரம் வரும் வழி. மற்றொன்று நியூட்ரல், திரும்பிப் போகும் வழி. அவன் விரல் நீளத்தில் ஒரு துண்டுக் கம்பியை வெட்டி, மேலே உள்ள எர்த்தையும் கீழே உள்ள நியூட்ரலையும் உள்ளுக்குள் இணைத்துவிட்டான். சுருசுருப்பு நின்றுவிட்டது.

பவுனம்மாள் வராத நாளில் ஆனந்தவள்ளி மெயினை அணைத்தார். மணைப்பலகைமீது ஏறி நின்று, அந்த அறையில் முதன்முறையாக ரப்பர் செருப்பும் அணிந்து, சாக்கெட்டைக் கழற்றினார். எதிர்வீட்டில் பார்த்ததைச் செய்தார். ஸ்குரூவைத் திருகி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு மெயினைப் போட்டார். கிரைண்டரைப் புறங்கையால் தொட்டார். ஒன்றுமில்லை. மறுபடியும் தொட்டார். ஒன்றுமே இல்லை.

“சரி பண்ணியாச்சுக்கா” என்று பவுனம்மாளிடம் சொல்லியனுப்பினார். யார் சரிசெய்தது என்று சொல்லவில்லை. அது ஜெயக்குமாருக்கு மட்டுமே தெரியும். எலக்ட்ரீசியன் வந்திருப்பார் என்று பவுனம்மாள் நினைத்துக்கொண்டார்.

முப்பதாண்டு அச்சத்தை அரைமணி நேரம் வென்ற அந்தத் துணிச்சல்தான் ஆனந்தவள்ளியைத் துவாக்குடிக்கு அனுப்பியது. செய்தாயிற்று, இனி ஒழுங்காகக் கற்றுக்கொள்வோம் என்று நினைத்தார். அங்கே சிறுதொழிற்கூடங்களுக்கு நடுவே ஒரு தகரக் கூரைக்குக் கீழ், ஜூட் என்பவர் வீட்டு மின்பழுதுக்கு ஏழு ஞாயிறு வகுப்பு நடத்தினார். ஜூட்டுக்கு முப்பத்துமூன்று வயது. தம்மைவிட மூத்த பெண்களையே பெரும்பாலும் மாணவராகக் கொண்டிருந்ததால் எல்லாரையும் அக்கா என்பார்.

அவர் சொல்லிக் கொடுத்தவற்றுள் முதலாவது எதையும் தொடாமலிருப்பது. “மீட்டருக்கு முன்னாடி இருக்கிற ஒயர் நம்ம வேலை இல்லக்கா. புதுசா லைன் இழுக்கிறதும் நம்ம வேலை இல்ல. அதுக்கு லைசென்ஸ் வெச்சிருக்கிற ஆளைக் கூப்பிடுங்க. நம்ம வேலை, சாவாம ஒரு சுவிட்ச் மாத்துறது.” மெயினை அணைக்க வேண்டும், அணைத்தால் போதாது, பியூஸைப் பிடுங்கித் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும், யாரும் தெரியாமல் மறுபடி போட்டுவிடாதபடி. அதன் பின்னும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கை படக்கூடாது. அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை மின்சாரம் உள்ள இடத்தில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“டெஸ்டரையும் நம்பக்கூடாதுக்கா. அதையும் டெஸ்ட் பண்ணணும்.”

ஆனந்தவள்ளிக்கு அடுத்து உட்காரும் மஹ்ஜபீன் கேட்டார்: “வீட்டுக்காரரை நம்பலாமா சார்?”

“அதுக்கு வேற வகுப்புக்கா. எனக்கே இன்னும் பாஸாகல.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனந்தவள்ளி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

தேரன்று, ஆறாவது ஞாயிற்றில், பாடம் எர்த்தைப் பற்றியது. பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். ஜூட் பலகையில் ஒரு சாக்கெட்டை வரைந்தார். மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் நடுவே சிவப்புச் சுண்ணக்கட்டியால் ஒரு குறுக்குக் கோடு போட்டார்.

“எர்த் இல்லாத வீட்ல சில பேர் இப்படி ஒரு துண்டுக் கம்பி போட்டு விட்டுருவாங்க. ஷாக் நின்ன மாதிரி இருக்கும். உங்க வீட்ல யாராவது இப்படிப் போட்டிருக்காங்களா?”

யாரும் கையுயர்த்தவில்லை. ஆனந்தவள்ளியும் உயர்த்தவில்லை. வெட்கமாக இருந்தது என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

“போட்டிருந்தா இன்னைக்கே எடுத்துருங்க. ஏன்னு சொல்றேன். இப்ப நியூட்ரல்ல கரண்ட் இல்ல, அதனால கிரைண்டர் பாடியில ஒண்ணும் தெரியாது. ஒருநாள் போஸ்ட்ல ஒயரைக் கழட்டி மாட்டுறான். ரெண்டும் கறுப்பு ஒயர். மாத்தி மாட்டிட்டான். அப்ப என்ன ஆகும்? நியூட்ரல்னு நினைச்சுக்கிட்டிருக்கிற வழியில பேஸ் வரும். இந்தத் துண்டுக் கம்பி வழியா நேரா பாடிக்குப் போகும். ஃபேன் சுத்தும், லைட் எரியும், ஒரு வித்தியாசமும் தெரியாது. பிளக்கு சொருகியிருந்தாப் போதும், சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் பாடி முழுக்கக் கரண்ட்.”

சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும். ஆனந்தவள்ளியின் கையிலிருந்த பேனா நின்றது. மருங்காபுரிக் கொட்டகைப் பெட்டிக்குள் இருந்த பிழை எதுவென்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே இரும்பு கொல்லும் என்பதற்கு ஒரு விடை முதன்முறையாகப் பலகையில் தெரிந்தது. அந்த விடை கிடைத்த அதே கணத்தில் மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. காலையில் தேர் கிளம்புமுன் ராமர் தங்கள் வீட்டு ஒயரையும் கழற்றிச் சுருட்டியிருந்தார்.

தேர் நிலைக்கு வரும்வரை எங்கள் தெருவில் யாரும் உரலையோ அம்மியையோ தொடமாட்டார்கள். கிரைண்டரும் அந்தக் கணக்கில்தான் சேரும். நிலைக்கு வந்ததும் அதிர்வேட்டு போடுவார்கள். அதன்பின் ராமர் ஒயர்களை மாட்டுவார், மின்சாரம் வரும், பவுனம்மாள் மாவு அரைப்பார். அரிசியும் உளுந்தும் காலையிலேயே ஊறப் போட்டாயிற்று. சாவி பவுனம்மாளிடம் இருந்தது. வழக்கமாகத் தேர் நிலைக்கு வர ஆறு மணியாகும்.

ஆனந்தவள்ளி எழுந்தார். “சார், வீட்டுக்குப் போகணும்” என்றார்.

“என்னக்கா, முகமெல்லாம் வெளுத்திருக்கு?”

“போகணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு நெடுஞ்சாலைக்கு நடந்தார்.

வகுப்பறை வாசலிலிருந்தே பவுனம்மாளை அழைத்தார். கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. காலையிலிருந்து மின்சாரம் இல்லாத தெருவில் அந்தப் பழைய பொத்தான் போனுக்கு எப்படிச் சார்ஜ் இருக்கும்? ஜெயக்குமாரை அழைத்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. பம்பைச் சத்தத்துக்கு நடுவே வடம் பிடிப்பவனுக்குச் சட்டைப்பையில் அடிக்கும் மணி கேட்காது. என்னையும் இரண்டு முறை அழைத்தார். என் கைப்பேசி வீட்டு மேசைமேல் கிடந்தது. நான் தேரின் பின்னே நடந்துகொண்டிருந்தேன். அந்த இரண்டு அழைப்புகளும் இன்னும் அதில் இருக்கின்றன. அழிக்க மனம் வரவில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்; அது திருவெறும்பூரில் நின்றது. காட்டூரில் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் இறங்க நான்கு பேர் ஏறினார்கள். அரியமங்கலத்தை நெருங்கும்போது வானம் இருண்டது. மழை வரப்போவதைக் கண்டு அவர் முதலில் ஆறுதலடைந்தார்; மழை வந்தால் தேர் நின்றுவிடும், தாமதமாகும். பிறகுதான் எதிர்மாறான எண்ணம் எழுந்தது. மழைக்கு முன் தேரை நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எல்லாரும் வேகமாக இழுப்பார்கள். அப்படியேதான் அங்கே நடந்துகொண்டிருந்தது. அம்மன் நனையக்கூடாதென்று அன்று நாங்கள் ஓட்டமாகவே இழுத்தோம்.

பால்பண்ணையில் பஸ் பத்து நிமிடம் அசையவில்லை. ஆனந்தவள்ளி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். அது இரும்பு என்பது நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டார். பவுனம்மாள் கிரைண்டரில் உளுந்து போடும் விதம் அவருக்கு மனப்பாடம். முதலில் பிளக்கைச் சொருகுவார். பிறகு குழாயில் கையைக் கழுவுவார். ஈரக்கையோடு கிரைண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து பார்ப்பார், கல் சுத்தமாக இருக்கிறதா என்று. அதற்கப்புறம்தான் சுவிட்ச். இந்த வரிசையை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. வெறுங்கால், ஈரத்தரை, எவர்சில்வர் விளிம்பு. ஆனந்தவள்ளி கண்ணை மூடினால் அங்கே பவுனம்மாளின் முகம் இல்லை, சின்னையனின் முகம் இருந்தது.

சத்திரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தார். “வேகமாப் போங்கண்ணே, ஒரு உயிர் விஷயம்” என்றார். காவிரிப் பாலத்தில் முதல் தூறல் விழுந்தது. மாம்பழச்சாலை தாண்டியபோது தொலைவில் மூன்று முறை வெடித்தது. ஆட்டோக்காரர் இடி என்றார். ஆனந்தவள்ளிக்குத் தெரியும், அது அதிர்வேட்டு. திருவிழா நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தது; தெருவை அடைய மேலும் அரைமணி ஆயிற்று.

தெருமுனையில் கூட்டம், ஆட்டோ நுழைய முடியவில்லை. இறங்கி ஓடினார். தேர் நிலையில் நின்றது. ராமர் கடைசிக் கம்பத்திலிருந்தும் இறங்கி ஏணியைத் தோளில் ஏற்றியிருந்தார். ஆனந்தவள்ளி வீட்டு வாசற்சுவரில் தொங்கிய சுருளைக் காணோம். ஒலிபெருக்கி கரகரத்துப் பேசத் தொடங்கியது. மின்சாரம் வந்துவிட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் கழற்றாமலே நிமிர்ந்தார்.

மாவறையில் பவுனம்மாள் குழாயடியிலிருந்து கையை உதறிக்கொண்டு வந்தார். பிளக் சொருகியிருந்தது. ஒரு கையில் உளுந்துப் பாத்திரம். மற்றொரு கை கிரைண்டரின் விளிம்பை நோக்கி நீண்டிருந்தது.

“அக்கா, தொடாதீங்க.”

குரல் தாழ்ந்துதான் வந்தது. பவுனம்மாள் திரும்பிப் பார்த்தார். பார்வை கீழே இறங்கியது.

“செருப்போடவா உள்ள வர்ற? அம்மா தேர் ஏறின நாள்ல?”

“அக்கா, கையை எடுங்க. பின்னால வாங்க.”

“என்னடி ஆச்சு உனக்கு? நான் இன்னும் போடவே இல்ல. சுவிச்சு ஆஃப்லதான் இருக்கு, பயப்படாத.”

கை விளிம்புக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது. ஆனந்தவள்ளி பவுனம்மாளின் புடவை முந்தானையை எட்டிப் பிடித்துத் தம் பக்கம் இழுத்தார். பாத்திரம் விழுந்தது; உளுந்து தரையெங்கும் சிதறியது. பவுனம்மாள் திட்டத் தொடங்கினார். ஆனந்தவள்ளி பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, அதன் தலையில் விரலை வைத்து, முனையைக் கிரைண்டரின்மேல் வைத்தார்.

டெஸ்டருக்குள் சிறிய செந்நிற விளக்கு எரிந்தது. சுவிட்ச் அணைந்தே இருந்தது. விளக்கு அணையவில்லை.

திட்டு நின்றுவிட்டது. பவுனம்மாள் தம் கையைப் பார்த்துக்கொண்டார், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. பிறகு சுவரோரமாகப் பின்னகர்ந்து வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

ஆனந்தவள்ளி மெயினை அணைத்தார். பியூஸ் இரண்டையும் பிடுங்கி இடக்கையில் இறுகப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் டெஸ்டர் வைத்தார், விளக்கு எரியவில்லை. டெஸ்டரையும் நம்பக்கூடாது என்பது நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு வராந்தாவுக்குப் போய், அங்கிருந்த சாக்கெட்டில் வைத்துப் பார்த்தார், எரிந்தது. திரும்பி வந்து மூன்றாம் முறை வைத்தார், எரியவில்லை. அதன் பிறகே பிளக்கைப் பிடுங்கிச் சாக்கெட்டின் மூடியைக் கழற்றினார். ஒரு ஸ்குரூ கை நழுவி உளுந்துக்குள் விழுந்தது.  கார்த்திகையில் தாம் வைத்த அந்த விரல் நீளக் கம்பியை உருவி எடுத்தார்.

சற்று நேரத்தில் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. ஜெயக்குமார் வடம் பிடித்துச் சிவந்த கையோடு வந்தார். ராமரை யாரோ அழைத்து வந்தார்கள். நானும் அப்போதுதான் போய்ச் சேர்ந்தேன்.

ராமர் மீட்டர்ப் பெட்டியருகே டெஸ்டர் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“மாறித்தான் இருக்கு. ஆனா நான் என்னங்க செய்யட்டும்? வருஷா வருஷம் பேஸ் ஒயர் முனையில மஞ்சத் துணி கட்டிட்டுத்தான் சுருட்டி மாட்டுவேன். இன்னைக்கு வந்து பாத்தா ரெண்டு முனையிலயும் மஞ்சத் துணி. ஒண்ணுல வேப்பிலை வேற. மழை வேற வந்துருச்சு.”

“அது நான்தான் கட்டினேன்” என்றார் பவுனம்மாள், படியிலிருந்து எழாமலே. “ஒண்ணுக்குக் கட்டியிருந்துச்சு, ஒண்ணு மொட்டையா இருந்துச்சு. அம்மா வர்ற தெருவுல வாசல் மூளியா இருக்கக்கூடாதேன்னு கட்டினேன்.”

யாரோ சிரித்தார்கள், சிரிப்பு உடனே அடங்கிவிட்டது.

ராமருக்குத் துணிவு வந்தது. “அப்படியே மாறினாலும் என்னங்க? ஃபேன் சுத்தும், பல்பு எரியும். இத்தனை வருஷத்துல எந்த வீட்டுக்கும் ஆபத்து வந்ததில்ல. பாடிக்கு எப்படிக் கரண்ட் வந்துச்சு? உள்ள எவனோ கை வெச்சிருக்கான். அதைக் கேளுங்க முதல்ல.”

“யாரோ பழைய எலக்ட்ரீசியன் போட்டதுண்ணே” என்றார் ஜெயக்குமார் விரைந்து. “நாங்க என்னத்தக் கண்டோம்? அவன் இப்ப எங்க இருக்கானோ.”

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கும் விளங்கியது. அங்கே நின்றவர்களுள் பாதிப்பேர் அவர்களிடம் மாவு வாங்குகிறவர்கள். பவுனம்மாள் வேலையை விட்டுவிட்டால் மறுநாள் மாவறை ஓடாது. வந்துபோன எலக்ட்ரீசியன் ஒருவர் உண்மையிலேயே இருந்தார். பழியை அவர்மேல் இறக்கிவைத்தால் மறுத்துப் பேச அவர் அங்கே இல்லை.

மழை வலுத்தது. வாசலில் நின்றவர்கள் சிலர் தாழ்வாரத்துக்குள் நெருங்கினார்கள். ஆனந்தவள்ளியின் இடக்கையில் இன்னும் இரண்டு பியூஸ்கள் இருந்தன. வலது உள்ளங்கையில் அந்தத் துண்டுக் கம்பி.

பவுனம்மாள் படியிலிருந்து எழுந்து வந்தார். அந்தக் கம்பியை நெடுநேரம் பார்த்தார், ஆனால் தொடவில்லை.

“இம்மாத்தூண்டுதானா?” என்றார். பிறகு தலை நிமிர்ந்து கேட்டார்: “வள்ளி, இதை வெச்சது யாரு?”

“நான்தான்க்கா வெச்சேன்.”